கிதார் வில்லையும் திருகு அளவியும்

கிதார் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு என்னிடம் வந்தான். "சார், எனக்குக் கை ஓடவில்லை. கிதாரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றான். வாசித்துக் காட்டச் சொன்னேன். மெதுவாக வாசித்தபோது ஒவ்வொரு சுரமும் ஒழுங்காகவே விழுந்தது. வேகத்தைக் கூட்டியதும் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து போயின. அவன் கையிலிருந்த வில்லையை வாங்கிப் பார்த்தேன். பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய துண்டு போல நெளிந்தது. அதன்மேல் 0.46 என்று அச்சிட்டிருந்தது. "புதிதாகக் கற்பவர்களுக்கு மெல்லியதுதான் நல்லது" என்று சொல்லிக் கடையில் கொடுத்தார்களாம்.

இந்த அறிவுரை பல இடங்களில் வழங்கி வருகிறது. இது தவறு என்பது என் கருத்து. காரணத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

கிதார்க் கம்பியை மீட்ட உதவும் சிறு முக்கோணத் தகட்டுக்குப் பிக் என்று பெயர். வில்லை என்றே சொல்வோம். கம்பியை மீட்ட ஏதாவது ஒன்று வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். வீணைக்கு நகமோ, விரலில் மாட்டிக்கொள்ளும் கம்பி வளையமோ போதும். வடநாட்டுச் சரோதுக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றிய துண்டு. கிதாருக்கு இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண் மில்லிமீட்டரில் அதன் தடிமன். 0.4 முதல் 3 மி.மீ. வரை கிடைக்கின்றன.

0.60 மி.மீ. வில்லைக்கும் 0.73 மி.மீ. வில்லைக்கும் என்ன பெரிய வேறுபாடு இருந்துவிடப் போகிறது? ஒரு தாளின் தடிமனைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதானே! அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 0.60-க்குப் பதில் 0.73 எடுத்தால், பொருளும் வடிவமும் ஒன்றாக இருக்கும்போதே, விறைப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை விரல் உடனே உணர்ந்துகொள்வது இதனால்தான்.

மெல்லிய வில்லை கம்பியில் பட்டதும் முதலில் தானே வளைகிறது. பிறகே கம்பி அதிலிருந்து நழுவுகிறது. நழுவிய பின் அது நிமிர வேண்டும். அதற்குள் கை மறுபக்கம் திரும்பிவிட்டால் என்ன ஆகும்? கை ஒரு கணக்கில் போகிறது, ஓசை வேறொரு கணக்கில் வருகிறது. நொடிக்கு எட்டுச் சுரம் வாசிப்பவனுக்கு ஒரு சுரத்துக்குக் கிடைப்பது நொடியில் எட்டில் ஒரு பங்கு. அந்த மாணவன் குறை சொல்ல வேண்டியது தன் விரலை அன்று.

மெல்லிய வில்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சில் வருடிப் பாட்டுக்குப் பின்னணி தருபவர்களுக்கு அது ஏற்றது. ஓரளவுக்கு மேல் விசையைத் தாங்காமல் அது வளைந்து கொடுப்பதால், கை சற்றுத் தடுமாறினாலும் ஒரு கம்பி மட்டும் உரக்கக் கத்திவிடுவதில்லை. தனித்தனிச் சுரமாக வாசிக்க விரும்புபவனுக்கு அதையே கொடுத்து, "நீ இன்னும் பயிற்சி செய்" என்று சொல்வதுதான் அநியாயம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வில்லையை நுனிக்கு அருகில் பிடித்தால் மெல்லியதும் விறைப்பாகிவிடுமே? உண்மைதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் பாதியானால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். இதை அறிந்து பயன்படுத்தும் கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு நெருக்கிப் பிடித்தால் பெருவிரல் சதையும் கம்பியில் உரசும். பழகாத கைக்கு அது இன்னொரு தொல்லை.

இனி ஓசையின் தன்மை. மீட்டும்போது கம்பி ஒரு மழுங்கிய முக்கோணம் போல இழுபடுகிறது. அந்த முக்கோணத்தின் மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அதிகமாக உயர்ந்த மேற்சுரங்கள் எழுகின்றன. கூரான நுனியில் ஓசை பளிச்சென்று ஒலிக்கும். உருண்ட நுனியில் மென்மையாகும். பெருவிரல் சதையில் இன்னும் மென்மை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி வில்லையே இல்லாமல் பெருவிரலால் வாசித்துப் புகழ்பெற்றவர்.

மீட்டும் இடமும் முக்கியம். 1800-இல் தாமஸ் யங் என்ற ஆங்கில அறிஞர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்: மீட்டும் புள்ளியில் எந்த மேற்சுரத்துக்குக் கணு இருக்கிறதோ அந்த மேற்சுரம் எழாது. திறந்த கம்பியைப் பன்னிரண்டாம் கட்டைக்கு நேர் மேலே, அதாவது சரிபாதியில், மீட்டிப் பாருங்கள். உள்ளே காலியானது போன்ற ஒரு குரல் கேட்கும். குதிரைக்கு அருகில் மீட்டினால் அதே கம்பி தகரம் போல ஒலிக்கும். விலை உயர்ந்த வில்லை வாங்கும் முன், கையை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பது சிக்கனம்!

பொருளைப் பற்றிக் கடைகளில் பேசப்படும் பெருமைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தடிமனும் நுனியும் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் பொருள் செய்கிறது. ஆனால் பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் சிறந்த வில்லைகள் அழுங்காமையின் ஓட்டிலிருந்து செய்யப்பட்டன. நமது மன்னார் வளைகுடாவிலும் வாழும் அதே ஆமைதான். அழிந்துவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் இந்த ஓட்டின் வாணிபமும் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே செல்லுலாய்டும் பின்னர் நைலானும் வந்துவிட்டன. இன்றும் சிலர் "அந்த ஓட்டின் ஓசை வராது" என்று பெருமூச்சு விடுவதுண்டு. ஒரு சுரத்துக்காக ஓர் ஆமையா?

புகழ்பெற்றவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே வாங்குவதும் சரியன்று. குவீன் குழுவின் பிரையன் மே வாசிப்பது பழைய ஆங்கில ஆறு பென்ஸ் நாணயத்தால். 1980-இல் அது செல்லாக்காசான பிறகும் அவர் விடவில்லை. நாணயம் வளையாது, ஆகவே நெகிழ்வெல்லாம் அவருடைய விரல்பிடியிலிருந்தே வர வேண்டும். அந்தப் பிடி பல்லாண்டுப் பழக்கம். அவர் தம் கிதாரையே தந்தையுடன் சேர்ந்து பழைய கணப்படுப்பு மரத்தில் செய்துகொண்டவர். 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நாணயத்தை அன்று, தானே செய்து பார்க்கும் குணத்தை.

எனவே ஐந்தாறு தடிமன்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும். பழகியதில் அச்சு அழிந்திருந்தால் பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவி இருக்கிறது, மீச்சிற்றளவு 0.01 மி.மீ., இந்த வேலைக்குத் தாராளம். ஒரே கம்பி, ஒரே இடம், ஒரே பாடல். வில்லையை மட்டும் மாற்றுங்கள். நண்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும், எண்ணைச் சொல்லாதீர்கள்.

அந்த மாணவனுக்கு 0.88 மி.மீ. வில்லை ஒன்று கொடுத்தேன். முந்தையதைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு விறைப்பு. முதல் இரண்டு வாரம் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது, திட்டினான். இப்போது வேகமாக வாசிக்கிறான். மேல்நோக்கிய வீச்சுகள் மட்டும் இன்னும் சற்று முரடாக விழுகின்றன. 0.73-ஐ முயன்று பார்க்கப்போவதாகச் சொல்லி, திருகு அளவியைக் கடன் கேட்டிருக்கிறான்.