புள்ளலூர் போர்க்களம் கொலுப்படிக்கு வருமா? காஞ்சிபுரம் பொம்மைகளுக்குக் காத்திருக்கும் புது வாய்ப்பு!

நவராத்திரி நெருங்கினால் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்த வருஷம் புதுசா என்ன செட் வந்திருக்கு?"

2019-ல் அதற்கான பதில், அத்திவரதர். 48 நாள் வைபவம் ஆகஸ்ட் 17-ல் முடிந்தது. செப்டம்பர் 29-ல் நவராத்திரி தொடங்குவதற்குள் சயனக் கோலம், நின்ற கோலம் இரண்டும் பொம்மையாகக் கடைக்கு வந்துவிட்டன. ஊரில் நடந்த ஒரு விஷயத்தைச் சில வாரங்களில் அச்சு எடுத்து, காயவைத்து, வண்ணம் தீட்டி விற்பனைக்குக் கொண்டுவரும் கைகள் அங்கே இருக்கின்றன.

அதே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு போரை பிரிட்டனில் இருக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் குட்டிக் குட்டிச் சிப்பாய்களாக மேஜையில் நிறுத்தி விளையாடுகிறார்கள். நம்ம கொலுவில்தான் அதைக் காணோம். அந்தப் போர் நடந்த இடம், புள்ளலூர்.

மேஜை மேல் ஒரு போர்

'வார்கேமிங்' என்பது செஸ் மாதிரிதான். ஆனால் கட்டம் கிடையாது. மேஜை மீது ஏரி, தோப்பு, கிராமம் எல்லாம் செய்துவைப்பார்கள். படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை டேப் வைத்து அளப்பார்கள். சுட்டது பட்டதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். 'டைம் மெஷின்' எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ், 1913-லேயே இதற்கு விதிமுறைகள் வகுத்து 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார்.

பரவலாகப் பயன்படும் சிப்பாய் பொம்மையின் அளவு 28 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் சட்டைப் பொத்தான், தலைப்பாகை மடிப்பு, கண் எல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் வரைய வேண்டும். தரைக்கு மணலும் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளம் என்று கொலுப்படிக்குப் பக்கத்தில் நம் வீடுகளில் போடும் 'பார்க்'கும் இதே வேலைதானே!

1780-ல் நடந்தது என்ன?

இரண்டாம் ஆங்கிலேய-மைசூர் போர். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு தெற்கே வருகிறார். காஞ்சிபுரத்தில் காத்திருக்கும் ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும் என்பது திட்டம். செப்டம்பர் 10-ம் தேதி புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் அவரைச் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சுமார் 3,800 பேர் கொண்ட படை அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோ வந்து சேரவே இல்லை. கனரக பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

மன்றோ ஒருநாள் முன்னதாகவே கிளம்பியிருந்தால்? இந்த 'இருந்தால்'தான் வார்கேமிங்கின் உயிர். ஒரு பொம்மைக்கு 20 சிப்பாய் என்று கணக்கு வைத்தால், பெய்லியின் படைக்கு 190 பொம்மைகள் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கேள்வியை ஆடிப் பார்த்துவிடலாம்.

சட்டைக்கு என்ன கலர்?

வண்ணம் தீட்ட உட்கார்ந்தால் வரலாறு வேறு மாதிரி தெரியும். மைசூர் சிப்பாய் என்றதும் புலிக்கோடு போட்ட சீருடைதான் ஞாபகம் வரும். ஆனால், திப்பு அரியணை ஏறியது 1782 கடைசியில். அதற்கு முன் நடந்த சண்டையில் புலிக்கோடு போடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் பிரஷ்ஷைத் தொட முடியாது.

இன்னொரு பக்கம், கம்பெனியின் சிவப்புச் சட்டை போட்டவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர்கள் அல்லர். சென்னை ராஜதானியில் ஆள் எடுத்த சிப்பாய்கள். அதாவது, அந்தச் சட்டைக்கு மேலே தீட்ட வேண்டிய முகம் நம் ஊர் முகம். 1781-ல் அதே இடத்தில் இன்னொரு சண்டை நடந்தது. அதில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. கூட விழுந்த சிப்பாய்களுக்குத் தூண் இல்லை. பொம்மையாவது இருக்கலாமே?

வென்றவர் இதை மறக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரை ஓவியமாகத் தீட்டவைத்தார் திப்பு. அதே காட்சியைக் கொண்ட, சுமார் 32 அடி நீள ஓவியம் ஒன்று 2022-ல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது.

சரி, இதில் காஞ்சிக்கு என்ன லாபம்?

பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. வெளிநாட்டுச் சிப்பாய் பெட்டி ஒன்றை வரவழைக்கும் இந்திய இளைஞருக்கு இது பெரிய அடி. உள்நாட்டில் செய்பவருக்கோ, இது திறந்த கதவு.

ஆனால், கதவு திறந்ததும் உள்ளே ஓடிவிட முடியாது. காகிதக்கூழ் பொம்மை நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கானது. 28 மில்லிமீட்டரில் துப்பாக்கி முனை ஒடியாமல் நிற்க உலோகமோ ரெசினோ வேண்டும். ஓர் அச்சு போட்டால் நூற்றுக்கணக்கில் விற்றாக வேண்டும்; வார்கேமிங் ஆடுபவர்கள் இங்கே சொற்பம். திப்பு என்றாலே அரசியல் சண்டை வேறு.

அதனால், விளையாட்டுப் பொம்மையில் தொடங்குவதைவிட கொலு செட்டில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. ஐந்தாறு அங்குல உயரத்தில் பல்லக்கில் பெய்லி, யானை மேல் ஹைதர், வெடிக்கும் வண்டி, சுற்றிலும் சிப்பாய்கள். கல்யாண செட், கிரிக்கெட் செட் விற்கிற கடையில் இதற்கும் ஓர் இடம் இருக்கும். சீருடை விவரத்தைச் சரிபார்த்துக் கொடுக்க ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை போதும். அரசு அருங்காட்சியகக் கடைகள் முதல் ஆர்டரைக் கொடுத்தால், அச்சுக் கூலிக்கான பயம் போய்விடும்.

கண் திறப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது நம் பொம்மை மரபு. வார்கேமிங் பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர்கள் பலர் முகத்தையும் கண்ணையும்தான் முதலில் முடிப்பார்கள். எந்த வரிசையில் செய்தாலும் பரவாயில்லை. புள்ளலூரில் பெயர் இல்லாமல் விழுந்தவர்களுக்கு இந்த ஊர்க் கைகள் ஒருமுறை கண் திறக்கட்டும்!