சம்பூர்க் காணிக் கணக்கு

திருகோணமலை என்றதும் டில்லிக்கு நினைவு வருபவை சீனன்குடா எண்ணெய்க் குதங்கள்தாம். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனேயும் பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே அவை இடம்பெற்றன. 2022 ஜனவரியில்தான் பங்கீடு முடிந்தது: மொத்தம் 99-இல் இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்திற்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கு 24, இருவரின் கூட்டு நிறுவனத்திற்கு 61. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற இரும்புத் தொட்டிகளுக்காக இரு அரசுகளும் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பொறுமையாகப் பேசியிருக்கின்றன!

அந்தப் பொறுமையில் ஒரு துளியும் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள சம்பூருக்குக் கிடைக்கவில்லை. 2006-இல் போர் அவ்வூர் மக்களை விரட்டியது. அவர்கள் முகாம்களில் இருந்தபோதே, இந்திய ஒத்துழைப்புடன் அமையவிருந்த 500 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. உழுத வயலை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நிலை. 2015-க்குப் பிறகு மக்கள் கட்டம் கட்டமாகத் திரும்பினர். 2016-இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது.

2025 ஏப்ரல் 5 அன்று மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடியே சம்பூரின் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கி வைத்தனர். கரியைவிடக் கதிரவன் மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், திட்டம் மாறியபோது காணிக் கணக்கும் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டாமா? யாருடைய உறுதி, எவ்வளவு இழப்பீடு, வயலை இழந்தவருக்கு மாற்று வயல் எங்கே என்பதை, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு மூதூர்ப் பிரதேச செயலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். குதங்களை எண்ணிப் பிரித்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று.