சான்றிதழில் பார்வை உண்டு, லென்ஸ் வாங்க வழியில்லை

கெரட்டோகோனஸ் முற்றியவருக்குக் கண்ணாடிக் கடையில் எத்தனை முறை பவர் மாற்றினாலும் பார்வை தெளியாது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும் நோய் இது. கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும். கரும்பலகை எழுத்து இரண்டு மூன்றாகத் தெரியும். அந்தக் கோணலின் மேல் உட்காரும் ஆர்.ஜி.பி. என்ற கெட்டி லென்ஸ்தான் பலருக்குப் பார்வையைத் திருப்பித் தருகிறது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே நிரம்பும் கண்ணீர் மேடுபள்ளத்தைச் சமப்படுத்திவிடும்.

ஒவ்வொரு கண்ணுக்கும் ஆயிரக்கணக்கில் விலை. ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டும். அளவு பார்த்துப் பொருத்தத் திருச்சிக்கோ புதுச்சேரிக்கோ பலமுறை பஸ் ஏற வேண்டும். பெரம்பலூரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடும் குடும்பம் இதை எப்படித் தாங்கும்?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உண்டு. அத்துடன் இணைந்த ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் கூம்பு பெரிதாகாமல் தடுக்கும் சிகிச்சையும் கருவிழி மாற்று அறுவையும் இருக்கின்றன. படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கான திட்டம் என்பதால் லென்ஸுக்கு அதில் இடமில்லை. அறுவைக்குப் பணம் தரும் அரசு, அந்த அறுவை முடிந்த கண்ணுக்கும் பல நேரங்களில் இதே லென்ஸ் தேவைப்படும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டால் இன்னும் கொடுமை. சலுகை பெற 40 சதவீதக் குறைபாடு வேண்டும். லென்ஸோ கண்ணாடியோ போட்டு எவ்வளவு தெரிகிறது என்பதே அங்கே கணக்கு. லென்ஸ் போட்டால் தெரியும், ஆகவே குறைபாடு இல்லை என்கிறது சட்டம். அந்த லென்ஸை வாங்கித் தர ஒரு துறையும் இல்லை. வயதுப் பிள்ளையின் படிப்பும் வேலையும் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

தனியார் பாலிசிகளில் 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைப் பிழைக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது. கெரட்டோகோனஸ் வெறும் பவர் கோளாறு அல்ல, கருவிழி நோய். ஆனால் பில்லில் ‘கான்டாக்ட் லென்ஸ் – 2’ என்று மட்டும் இருந்தால் அழகுக்குப் போட்டது போலத்தான் தெரியும். அமெரிக்காவில் இந்த நோய்க்கு லென்ஸ் பொருத்துவதற்கென்றே 92072 என்ற தனி பில்லிங் எண் உண்டு. இங்கும் அப்படிப் பிரித்துக் காட்டுவது கடினமல்ல.

நோயின் பெயர், கருவிழி வரைபடப் பரிசோதனை, பொருத்தும் கட்டணம், லென்ஸ் விலை எல்லாம் தனித்தனியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியால் பார்வை தேறாது என்று மருத்துவர் எழுதித் தரட்டும். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அங்கேயே முறையிட்டும் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் தரலாம்.

அரசு செய்ய வேண்டியது, காப்பீட்டுப் பட்டியலில் இந்த லென்ஸைச் சேர்ப்பது. 2022-ல் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பொருத்திப் பார்க்கும் லென்ஸ் தொகுப்பும் பயிற்சி பெற்றவரும் வாரம் ஒரு நாளாவது இருக்க வேண்டும். பள்ளிக் கண் பரிசோதனையில் இலவசக் கண்ணாடி போட்டும் தேறாத பிள்ளைகளை அங்கே நேராக அனுப்பலாம். இரு மாவட்ட ஆட்சியர்களும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இந்த மனுக்களை வாங்கிச் சுகாதாரத் துறைக்குப் பரிந்துரையோடு அனுப்ப வேண்டும்.