மதில் எழும்பும் முன் பேச வேண்டியவை

எங்கள் ஊர் எல்லையில் பல வருடங்களாக இயங்கி வரும் ஆடைத் தொழிற்சாலை ஒன்று பெருப்பிக்கப்படவிருக்கிறது. பின்பக்கக் காணி வாங்கி, மண் நிரப்பி, அளவுக் கயிறும் கட்டியாகிவிட்டது. சில வாரங்களாகக் கடை வீதியில் இதே பேச்சுத்தான். "வரட்டும், ஊர் முன்னேறும்" என்கிறது ஒரு சாரார். "விடவே கூடாது" என்று கையெழுத்துச் சேர்க்கிறது மறு சாரார். இந்த நிலைமை நாளை உங்கள் ஊருக்கும் வரலாம் என்பதால் இவ்வாரம் இதையே எழுத எண்ணினேன்.

வியாபாரி எதையும் வரவு செலவாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் வரவுப் பக்கம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளில் அநேகர் வெளியூர்க்காரர்கள். அவர்கள் தங்கும் அறைகளின் வாடகையை நம்பி எத்தனையோ விதவைக் குடும்பங்கள் வாழ்கின்றன. சம்பளம் போட்ட வாரத்தில் பலசரக்குக் கடை முதல் பேன்சிக் கடை வரை கல்லா நிறைகிறது. எனது ஹாட்வெயார் கடையிலும் அந்தத் தொழிற்சாலைக்கு மாதக் கணக்கு உண்டு. புதிய கட்டடத்துக்கான சீமெந்தும் கம்பியும் என்னிடமே வாங்கப்படவும் கூடும். இதை வாசகர்கள் அறிந்துகொண்டே மேலே படிக்க வேண்டுகிறேன்.

இனிச் செலவுப் பக்கம். இதுவரை அங்கே நடந்தது தையல். தையலில் மிஞ்சுவது வெட்டுத் துணியும் நூலும் தூசியும். புதிதாக வரப்போவது ஜீன்ஸ் துணிகளைச் சலவை செய்து சாயம் வெளிற வைக்கும் 'வொஷிங் பிளான்ட்'. இதற்கு நாளாந்தம் பெருமளவு தண்ணீர் வேண்டும். உள்ளே போகும் தண்ணீர் சாயமும் இரசாயனமும் கலந்து வெளியே வரும். ஆகவே இதை இருக்கும் தொழிலின் விரிவாக்கம் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. தையற்கடைக்காரர் பக்கத்திலேயே சாயப் பட்டறை திறப்பதைப் போன்றது இது. தையலை ஏற்றுக்கொண்ட அயலவர் இதையும் ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அத்தொழிற்சாலையின் மதிலுக்கு அப்பால் எங்கள் மஹல்லாவின் வீடுகள். அதற்கும் கீழே சிங்களச் சகோதரர்களின் வயல்களும் கிணறுகளும். தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும்.

இங்கே இன்னொரு விடயமும் இருக்கிறது. முதலாளி நம்மவர். நல்ல மனிதர். பள்ளிவாசல் திருத்த வேலைக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் அள்ளிக் கொடுத்தவர். அதனாலேயே நம் பெரியவர்கள் அவரிடம் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அவர் மீது மெய்யான அக்கறை இருப்பவர்கள்தான் முதலில் போய்ப் பேச வேண்டும் என்பது என் கருத்து. நாம் பேசாதிருந்து, கீழே உள்ள கிராமத்தவர் பேச நேர்ந்தால், கிணற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை ஒரே இரவில் இனப் பிரச்சினையாகிவிடும். அதன் விலை என்னவென்று கடை வைத்திருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

காலம் கடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. 2013இல் கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரிய, ரத்துபஸ்வல பகுதி மக்கள் தமது கிணற்று நீர் அமிலத் தன்மை அடைந்துவிட்டதாகக் கூறி, அருகிலிருந்த கையுறைத் தொழிற்சாலைக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்கள். ஆகஸ்ட் 1ஆம் திகதி இராணுவம் சுட்டதில் மூவர் பலியானார்கள். மாசுக்குக் காரணம் தாமல்ல என்றது நிறுவனம். நம்ப மறுத்தார்கள் மக்கள். தொழிற்சாலை ஆரம்பிக்க முன்னரே சுற்றியிருந்த கிணறுகளைச் சோதித்து, இரு தரப்பும் ஒப்பமிட்ட அறிக்கை ஒன்று கையில் இருந்திருந்தால், அந்த வாதம் ஆய்வுகூடத்தில் முடிந்திருக்கும்.

அடுத்தது சுன்னாகம். அங்கே மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றி 2015இல் உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. 2019இல் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு மின் உற்பத்தி செய்த கம்பனிக்கு உத்தரவிடப்பட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டு நீதிமன்றத்திலும் செல்லும் என்பதற்கு இது சான்று. ஆனால் நான்கு வருடங்கள் பிறர் வீட்டில் தண்ணீர் அள்ளிய குடும்பத்துக்கு இந்தப் பணம் எம்மாத்திரம்? கிணறு கெட்டபின் கிடைக்கும் நட்டஈடு எதுவும் நல்ல தண்ணீருக்கு ஈடாகாது.

சட்டம் நமக்கு வழி வைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும், மாசு உண்டாக்கக்கூடிய தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கின. அந்தப் பத்திரம் நிபந்தனைகளோடு வருவது. நிபந்தனையை மீறினால் இரத்துச் செய்யப்படக்கூடியது. தையலுக்குப் பெற்ற பத்திரத்தை வைத்துக்கொண்டு சலவை ஆலை நடத்த முடியாது. பெரிய திட்டமாயின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, 30 வேலை நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாம் தவறினால், பொதுத் தொல்லைக்கு எதிராக நீதவானிடம் போக 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அது கடைசிக் கதவு. முதல் கதவு முதலாளியின் அலுவலகக் கதவுதான்.

அங்கே போய் என்ன கேட்பது? என் யோசனை நான்கு.

ஒன்று, வேலை ஆரம்பிக்கும் முன், மேலும் கீழும் உள்ள கிணறுகளின் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் சோதித்து, அறிக்கையின் பிரதிகளைத் தொழிற்சாலை, பள்ளிவாசல், விகாரை, கிராம உத்தியோகத்தர் ஆகிய நாலு இடத்திலும் வைக்க வேண்டும். நீர்மட்டத்தையும் கோடை காலத்தில் அளந்து எழுதிக்கொள்வது நல்லது. பின்னர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே கிணறுகளை மறுபடி சோதிக்க வேண்டும்.

இரண்டு, கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் முதலில் இயங்க வேண்டும். சலவை இயந்திரம் அதற்குப் பிறகு. அந்த நிலையத்தின் கொள்ளளவு ஆலை ஒரு நாளில் வெளிவிடும் தண்ணீருக்குப் போதுமானதா, அதில் படியும் சேறு எங்கே கொண்டுபோகப்படும் என்பவை எழுத்தில் வர வேண்டும்.

மூன்று, இரவு வேலை. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்கு வகுத்த எல்லை பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஜெனரேட்டரும் கொதிகலனும் வீடுகள் இருக்கும் பக்கமா, வீதிப் பக்கமா என்பது வரைபடத்தில் இருக்கும்போதே மாற்றக்கூடிய சங்கதி. கொங்கிரீட் போட்ட பின் மாற்ற முடியாது.

நான்கு, முறைப்பாடு சொல்ல ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும். வாயிற் காவலாளியிடம் சொல்லிவிட்டுத் திரும்புவது முறைப்பாடு ஆகாது.

"இதெல்லாம் முதலாளிக்கு வீண் செலவு" என்று ஒரு நண்பர் சொன்னார். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஏற்றுமதி ஆடை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனிகள் கழிவு நீர் பற்றியும் அயலவர் முறைப்பாடுகள் பற்றியும் கேட்கின்றன. வாசலில் ஆர்ப்பாட்டம் நடக்கும் தொழிற்சாலைக்கு ஓடர் கொடுக்க அவர்கள் யோசிப்பார்கள். பல கோடி போட்டு இயந்திரம் இறக்குபவருக்குக் கிணற்றுச் சோதனை ஒரு காப்புறுதி. நாளைக்கு எவராவது பொய்க் குற்றம் சுமத்தினாலும் அவரைக் காப்பதும் அதே அறிக்கைதான்.

கையெழுத்துச் சேர்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. "வேண்டாம்" என்று மட்டும் எழுதிய மகஜர் கோவையில் தூங்கும். இன்ன கிணறு, இன்ன ஆழம், இன்ன நிபந்தனை என்று எழுதிய கடிதத்துக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தில் கீழ்க் கிராமத்தவரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

அயலவருக்குரிய கடமை பற்றி ஜும்ஆவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வர்த்தக சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் விகாரையின் தாயக சபையும் ஒன்றாக ஒரு நாள் குறித்து முதலாளியைச் சந்திக்க வேண்டும் என்று எங்கள் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். தூண் குழி வெட்டும் முன் அந்தச் சந்திப்பு நடந்தால் நல்லது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு காணியில் அளவுக் கயிறு கட்டப்பட்டிருந்தால், நீங்களும் இந்த வாரமே கேளுங்கள்.