பயிலுநர் சொல்லும் பயிற்சியின் தரமும்

மாணாக்கன் தகுதியை ஆராயுமுன் ஆசிரியன் தகுதியை ஆராய்வது தமிழ் மரபு. நன்னூற் பாயிரம், நல்லாசிரியர் இவர், ஆசிரியராகாதார் இவர் என வகுத்துரைத்த பின்னரே மாணாக்கர் இலக்கணத்துக்கு வருகின்றது. நம் நாட்டுத் தொழிற்பயிற்சியில் இவ்வொழுங்கு மறக்கப்படுகின்றதோ என ஐயுறுகின்றேன்.

பயிலுநர்க்கெனத் தனிச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. பின்னர் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இன்றைய அதிகார சபைக்கு வழிவகுத்தது. பயிலுநன் திறனை அளக்கத் தேசியத் தொழிற்றகைமையில் ஏழு படிநிலைகள் உள. நிலையங்களைப் பதிவுசெய்ய ஆணைக்குழுவும் உண்டு. இவையாவும் வேண்டியனவே. ஆயினும் பட்டறையுள் நிகழ்வதை நாள்தோறும் காண்பவன் பயிலுநன் ஒருவனே. அவன் சொல்லுக்கு நாம் அளிக்கும் மதிப்பு யாது?

என்னிடம் தமிழ் கற்றுப் பின் மோட்டார்ப் பட்டறைகளிற் சேர்ந்த மாணவர் சிலரை வினாவியதுண்டு. "எஞ்சினைக் கழற்றும் நேரத்தில்தான் என்னைக் கடைக்கு அனுப்புவார், ஐயா" என்றான் ஒருவன். "பிழை விட்டால் ஏசுவார், ஆனால் எங்கே பிழை என்று காட்டாமல் விடமாட்டார்" என்றான் மற்றொருவன். ஏச்சுக் கேட்டவனே மனநிறைவுடன் பேசினான் என்பதை நோக்குக. கருவி தன் கைக்கு வந்ததா, தன் பிழை தனக்குக் காட்டப்பட்டதா என்பவையே அவர்தம் அளவுகோல்கள். முன்னவனுக்கு வாய்த்தவர், நன்னூலார் ஆசிரியராகாதார்க்கு உவமை கூறிய மடற்பனை போல்வார்: ஏறிப் பறிக்க விடார், தாமாக விழுவதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தொழிலறியாச் சிறுவன் பயிற்சியின் தரத்தை எங்ஙனம் அறிவான் எனச் சிலர் வினவுவர். தொழில் முழுவதையும் அவன் அறியான், உண்மையே. ஆயின், ஆறு திங்களாகத் தான் செய்தது எஞ்சின் வேலையா, தேநீர் வாங்கும் வேலையா என்பதை அவனிலும் நன்கறிந்தவர் யாவர்? கண்டிப்பை வெறுத்துக் குறைகூறுவோரும் இருக்கலாம். ஆதலின் அவனை இருமுறை கேட்டல் நன்று: பயிற்சி முடியும்போது ஒருமுறை, வேலைக்கமர்ந்து ஓராண்டு கழிந்தபின் மறுமுறை. முதல் விடையிற் கலந்த விருப்பு வெறுப்பை இரண்டாம் விடை களைந்துவிடும். கேட்கும்போது பட்டறைத் தலைவர் அருகில் இருத்தலாகாது. சான்றிதழ் அவர் கையொப்பத்தை எதிர்நோக்கி நிற்குங்கால் எவன் வாய்திறப்பான்?

சான்றிதழ்த் தொகையை எண்ணுதல் எளிது. அதனைப் பெற்றவன் பழுதுற்ற எஞ்சின் முன் தனியே நின்று திருத்த வல்லனா என்பதே வினா. இளைஞனின் ஈராண்டு, மூவாண்டு வாழ்நாள் இதில் அடங்கியுள்ளது. பயிற்சியை நடத்துவோர் இதனைச் சிந்திப்பாராக.