கருவி வந்தது, அதை ஓட்ட ஆள் வரவில்லை

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,



அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி படிக வளர்ப்பு ஆய்வில் கழிந்தது. என் மாணவர்கள் வளர்த்த படிகங்களைப் பற்றியும், அவை எங்கே தடைபட்டு நின்றன என்பதைப் பற்றியும் தங்களிடம் சொல்லவே இந்த மடல்.

எங்கள் துறையில் ஒரு சோதனை உண்டு. படிகத்தைப் பொடியாக்கி மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்புவோம். பார்வைக்குச் சர்க்கரைத் தூள்போல இருக்கும். அறையை இருட்டாக்கி, 1064 நானோமீட்டர் அலைநீள லேசரை அதன்மேல் செலுத்துவோம். அது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. படிகத்துக்கு நாங்கள் தேடும் பண்பு இருந்தால் பொடி பச்சையாகச் சுடர்விடும். வந்த ஒளியின் அலைநீளத்தைப் படிகம் சரிபாதியாக, 532 நானோமீட்டராக மாற்றிவிட்டது என்று பொருள். மாதக்கணக்கில் உழைத்த மாணவர் அந்தப் பச்சையைப் பார்க்கும்போது அவர் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் மாணவி ஒருவர் நான்கு மாதம் காத்திருந்து ஒரு படிகத்தை வளர்த்தார். சோதனைக்கான லேசர் எங்கள் கல்லூரியில் இல்லை. வேறொரு நகரத்து நிறுவனத்தில் பணம் கட்டி, இரண்டு மாதம் வரிசையில் இருந்து, நாள் குறித்து வாங்கினார். சாம்பிளைப் பஞ்சில் பொதிந்து இரவுப் பேருந்தில் போனார். காலையில் போய்ச் சேர்ந்தால் லேசரின் விளக்கு எரிந்துபோயிருந்தது. மாற்று விளக்கு வாங்க நிதி இல்லை, அடுத்த காலாண்டில் வாருங்கள் என்றார்கள்.

அங்கிருந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த லேசர் ஒரு திட்ட நிதியில் வாங்கப்பட்டது. திட்டம் முடிந்தது, அதை இயக்கத் தெரிந்த திட்ட உதவியாளரின் பணியும் அதோடு முடிந்தது. கருவி மட்டும் அறையில் மிஞ்சியது. தமிழ்நாட்டின் பல ஆய்வகங்களில் போர்வை போர்த்தி நிற்கும் கருவிகளின் கதை இதுதான். நாம் கருவியை வாங்க நிதி தருகிறோம். அதை ஓட வைக்கவும், ஓட்டத் தெரிந்தவரை அங்கேயே வைத்துக்கொள்ளவும் நிதி தருவதில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான்.

இந்தக் குறை ஒரு துறையோடு நிற்பதில்லை. லேசர் ஒரு துறை, சூரிய மின்சாரம் ஒரு துறை, பொருளறிவியல் ஒரு துறை என்று கோப்புகளில் பிரித்திருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் அப்படிப் பிரிவதில்லை. 1960-இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை எரியவிட்டது செயற்கை மாணிக்கப் படிகத் தண்டு ஒன்றில். அதற்கான கோட்பாட்டை இயற்பியலாளர்கள் டவுன்ஸும் ஷாலோவும் 1958-லேயே வெளியிட்டுவிட்டார்கள். தகுந்த பொருள் கிடைக்கத்தான் காலம் பிடித்தது. 1961-இல் பீட்டர் ஃபிராங்கனின் குழு மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியைக் குவார்ட்சுக்குள் செலுத்தி, பாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளியைப் பெற்றது. என் மாணவி தேடிப் போன சோதனையின் வேர் அங்கே இருக்கிறது. ஃபிராங்கனின் கட்டுரை அச்சானபோது, அந்த ஒளிக்குச் சான்றாகப் படத்தில் இருந்த சிறு புள்ளியை அழுக்கு என்று நினைத்து அச்சில் நீக்கிவிட்டார்கள். பெரிய கண்டுபிடிப்பும் முதலில் அவ்வளவு சிறிதாகத்தான் தெரியும்.

2022 டிசம்பர் 5 அன்று, அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் சிறு எரிபொருள் உருண்டை ஒன்றை நசுக்கின. உள்ளே போன ஒளியாற்றல் 2.05 மெகாஜூல், அணுக்கருப் பிணைவில் வெளிவந்தது 3.15 மெகாஜூல். அது மின்நிலையமாக மாற இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் அந்தக் கற்றைகள் அகச்சிவப்பிலிருந்து புற ஊதாவுக்கு மாறுவது கேடிபி எனப்படும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகங்கள் வழியாக. நம் கல்லூரிகளில் படிக வளர்ப்புக்கு வரும் மாணவர் முதலில் வளர்த்துப் பழகும் உப்புகளில் அதுவும் ஒன்று. அதே உப்பை, ஒரு மனிதரின் எடையைவிடப் பல மடங்கு பெரிய படிகமாக, இரண்டு ஆண்டுக்குப் பதில் ஏறக்குறைய இரண்டே மாதத்தில் வளர்க்கும் வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரே உப்புதான். அங்கே அதைத் தொடர்ந்து பிடித்து நின்றார்கள்.

சூரிய மின்சாரத்துக்கு வருவோம். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர் மியாசகாவின் குழு பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை வைத்துச் செய்த சூரிய செல்லின் திறன் 3.8 விழுக்காடு. இன்று ஆய்வகங்களில் அது 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஈரம் பட்டால் அந்தப் பொருள் சிதைவதுதான் இன்னும் தீராத தலைவலி. ஒளி பட்டதும் உள்ளே மின்னூட்டம் எப்படி நகர்கிறது, எங்கே சிக்கி அழிகிறது என்பதை நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறுகிய லேசர் துடிப்புகளைக் கொண்டு பார்க்க முடியும். தொழிற்சாலையிலும் லேசர் வேண்டும். மென்படலத் தகட்டைப் பல செல்களாகப் பிரித்து இணைக்கும் கீறல்களைப் போடுவது லேசர்தான். சிலிக்கான் செல்களில் பின்புறப் படலத்தைத் திறந்து மின்தொடர்புக்கு வழிசெய்வதும் லேசர்தான்.

இது நம் மாநிலத்துக்குத் தொலைவான செய்தி அல்ல. கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2016 முதல் இருக்கிறது. சென்னையை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் மென்படலத் தகடு செய்யும் ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் சிலிக்கான் செல் செய்யும் ஆலை எழுந்திருக்கிறது. ஆலை நம் மண்ணில், அதற்கு வேண்டிய அறிவும் நம் மண்ணிலேயே விளைய வேண்டாமா? கங்கைகொண்டானிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் எத்தனை அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன! அங்கே இயற்பியல் படிக்கும் பிள்ளை ஒரு செல்லின் திறனைத் தன் கையால் அளந்து பார்க்க வழி இருக்கிறதா என்று தாங்கள் கேட்டுப் பாருங்கள்.

நமக்கு அறிவு இல்லை, கற்பனை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். 2005-இல் சங்கரநாராயணன், ராமசாமி என்ற தமிழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு புது முறையை வெளியிட்டார்கள். நின்றவாக்கில் ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் விதைப் படிகம், மேலே கரைசல், குழாயைச் சுற்றி வெப்ப வளையம். வேண்டிய திசையில் மட்டும் படிகம் வளர்கிறது, கரைந்த பொருளும் வீணாவதில்லை. இன்று உலகம் அதை அவர்கள் இருவரின் பெயராலேயே எஸ்ஆர் முறை என்று அழைக்கிறது. எளிய பொருள்களைக் கொண்டு செய்த அரிய வேலை அது.

எளிய பொருளில் செய்யலாமே, பிறகு ஏன் நிதி என்று கேட்பவர்கள் சர் சி.வி. ராமனைச் சுட்டுவார்கள். 1928-இல் கொல்கத்தாவில் பாதரச விளக்கும் நிறமாலைமானியும் கொண்டு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார், உண்மை. ஆனால் அந்தக் கூடத்தில் முழுநேரமும் உடன் உழைக்க வத்திராயிருப்பிலிருந்து போன கே.எஸ். கிருஷ்ணன் இருந்தார். ஆசுதோஷ் தே என்ற உதவியாளரும் இருந்தார். அதற்கு முன், ராமன் அரசுப் பணியில் இருந்துகொண்டு காலையிலும் மாலையிலும் வந்து ஆய்வு செய்த ஆண்டுகளில், கூடத்தைத் திறந்து, கருவிகளை ஆயத்தமாக வைத்து, அளவுகள் எடுத்தவர் ஆசுதோஷ் தேதான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்தார். கருவி எளிதாக இருந்தது. அதை அறிந்த கை விலகாமல் இருந்தது. இன்று நம் கூடங்களில் இல்லாதது அந்தக் கைதான்.

படிகம் வளர்ப்பவருக்கு இது நன்றாகப் புரியும். கரைசலின் வெப்பம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நூறில் ஒரு பங்கு டிகிரிகூட ஆடாமல் இருக்க வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போய், யுபிஎஸ்-இன் பேட்டரியும் செத்திருந்தால், காலையில் தொட்டியில் கிடப்பது கலங்கிய உப்பு. மூன்று மாத உழைப்பு ஓர் இரவில் போகும். அந்த பேட்டரியை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆனால் அதற்கென்று எந்தத் தலைப்பிலும் பணம் இருப்பதில்லை.

எங்கள் பக்கத்துத் தவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு கிடைப்பதால், புதிது புதிதாகச் சிறு படிகங்களை வளர்த்து, கட்டுரை எழுதி, அடுத்ததற்குத் தாவினோம். ஒரே படிகத்தைப் பத்தாண்டு பிடித்து நின்று, அதைக் கருவியாக்கும்வரை போனவர்கள் எங்களில் குறைவு. அப்படி நிற்கத் துணிபவருக்கு அடுத்த ஆண்டும் அந்தக் கருவி ஓடும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தர அரசால் மட்டுமே முடியும்.

ஆகவே நான் கேட்பவை நான்கு.

முதலாவது, இனி எந்த ஆய்வுக் கருவிக்கு ஒப்புதல் தந்தாலும் பத்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே ஒதுக்குங்கள். விளக்கு, பேட்டரி, வாயு உருளை, பழுதுநீக்கும் ஒப்பந்தம் எல்லாம் அதில் அடங்கட்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களில் கருவி இயக்குநர், கண்ணாடிக் கருவி செய்பவர், மின்னணுப் பழுது பார்ப்பவர் ஆகிய பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புங்கள். திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகிறவரிடம் கைப்பழக்கம் சேராது.

மூன்றாவது, மண்டலத்துக்கு ஒரு பொதுக் கருவிக்கூடம் வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்கள் அதில் குறைந்த கட்டணத்தில், குறித்த நாளில், உறுதியாக அளவெடுக்க முடிய வேண்டும். எந்தக் கருவி ஓடுகிறது, எது நிற்கிறது என்ற பட்டியலை மாதந்தோறும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

நான்காவது, லேசர் தெரிந்தவர், பொருள் வளர்ப்பவர், சூரிய செல் செய்பவர் ஆகியோர் சேர்ந்து விண்ணப்பிக்கும் ஏழாண்டுத் திட்டங்களுக்கு ஒரு நிதி ஒதுக்குங்கள். கட்டுரைகளை எண்ணாமல், எடுத்துக்கொண்ட சிக்கல் எவ்வளவு தீர்ந்தது என்று கேட்டு மதிப்பிடுங்கள்.

இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனம் இன்று மின்கலன் ஆய்வில் நாட்டுக்கே உதவுகிறது. விதை போட்டவர் ஒருவர். அது வாடாமல் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தண்ணீர் ஊற்றியவர்கள் பலர்.

என் மாணவி மறுபடியும் வரிசையில் நின்று, ஆறு மாதம் கழித்து அந்தச் சோதனையைச் செய்தார். "சார், பச்சை வந்துடுச்சு சார்" என்று அங்கிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டார். அதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. முனைவர் பட்டம் பெற்றார், ஆய்வைத் தொடரவில்லை. இன்று பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறார், நல்ல ஆசிரியர். அவர் வளர்த்த படிகம் என் மேசையில் இருக்கிறது. அதை மேலும் பெரிதாக வளர்த்துப் பார்க்க அதன்பின் எவரும் இல்லை.

புதிய கருவி வரும்போது திறந்துவைக்கத் தங்களை அழைப்பார்கள். அவசியம் போங்கள். அதே அறைக்கு ஐந்தாம் ஆண்டில் அழைப்பு இல்லாமலே ஒருமுறை போங்கள். கருவி ஓடுகிறதா, அதை ஓட்டுபவர் யார், அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். அமைச்சர் அப்படிக் கேட்பார் என்று தெரிந்தாலே பாதிக் கருவிகளின் போர்வை விலகிவிடும்.

நம்பிக்கையுடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்