1901 முதலா? யாருடைய 1901?

"அமெரிக்காவின் முதல் மோட்டார் சைக்கிள் கம்பெனி. 1901 முதல்." இந்தியன் மோட்டார் சைக்கிள் விளம்பரங்களில் இந்த வரியை வருடக்கணக்கில் பார்த்து எரிச்சல்தான் மிச்சம். பைக் பத்திரிகைகளும் "நூற்றாண்டு கடந்த பாரம்பரியம்" என்று ஒத்து ஊதுகின்றன.

"முதல்" என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தமில் சார்லஸ் மெட்ஸின் ஆலை, ஓரியன்ட்-ஆஸ்டர் மோட்டார் சைக்கிளை 1899-லேயே விளம்பரப்படுத்திவிட்டது. அது நிலைக்கவில்லையே என்பார்கள். சரி, நிலைத்ததைப் பார்ப்போம்.

அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜார்ஜ் ஹெண்டியும் ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராமும் 1901-இல் இந்தியனைத் தொடங்கியது உண்மை. 1911-இல் ஐல் ஆஃப் மேன் சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் இந்தியன் வண்டிகளே பிடித்ததும் உண்மை. ஆனால் 1953-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தியனின் 'சீஃப்' மாடல் தயாரிப்பு நின்றது. வேடிக்கை அதற்குப் பிறகுதான்.

1955 முதல் டாங்கில் இந்தியன் பெயரோடு அமெரிக்காவில் விற்றவை, இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த ராயல் என்ஃபீல்டுகள். 'உட்ஸ்மேன்' என்று விற்றது சாட்சாத் 500 புல்லட் குடும்பம். நம் மதராஸில் 350 புல்லட்டைப் பூட்டுவதற்கென்று என்ஃபீல்டு இந்தியா உருவானதும் அதே 1955-இல்தான். டாங்கில் இருக்கும் பெயர்தான் வம்சம் என்றால், என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூரும் 1901-இல் ஒரு பங்கு கேட்கலாம்!

பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறவரிடம் இந்தக் கதை எடுபடாது. 1948 சீஃபை மேடையில் ஏற்றினால், வி வடிவில் சாய்ந்த இரண்டு சிலிண்டர், 1200 சிசி, சைடு வால்வு எஞ்சின். ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் இடது கைப்பிடியில். கியரை மாற்ற டாங்க் ஓரமாக ஒரு தடி. அமெரிக்க அளவு ஸ்பேனர் போட்டால் கச்சிதமாக உட்காரும். பக்கத்திலேயே 1959 'சீஃபை' நிறுத்துங்கள். இரண்டு சிலிண்டரும் ஒட்டி நிமிர்ந்து நிற்கும், 700 சிசி. ஆக்சிலரேட்டர் வலது கையில், கியர் காலில். முந்தைய ஸ்பேனரை இதில் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிப்போகும். இங்கே வேண்டியது பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. பிஸ்டன் தேடுகிறவர் இந்தியன் பட்டியலைப் புரட்டிப் பயனில்லை, என்ஃபீல்டு மீட்டியர் பட்டியலுக்குப் போக வேண்டும். ஒரு போல்ட்டுகூடப் பொதுவாக இல்லாத இரண்டும் ஒரே பரம்பரையாம்.

பிறகு ஃபிளாய்டு கிளைமர் என்பவர் இத்தாலியச் சட்டகத்தில் வெலோசெட் எஞ்சினை வைத்து இந்தியன் பெயரில் விற்றார். 1970-இல் அவர் இறந்த பின் தைவானில் செய்த குட்டி வண்டிகள். 1999-இல் கலிபோர்னியாவின் கில்ராயில் ஒரு கம்பெனி, வெளியே வாங்கிய எஞ்சினோடு; 2003-இல் அதற்கும் பூட்டு. அடுத்து வட கரோலைனாவில் இன்னொன்று. 2011-இல் பனி வண்டி செய்யும் போலாரிஸ் வாங்கியது. விக்டரி என்ற சொந்தப் பிள்ளையை 2017-இல் கைகழுவிவிட்டு, தத்தெடுத்த பிள்ளையின் ஜாதகத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது.

ஆன்மா தொடர்கிறதே என்பது கடைசி வாதம். ஆன்மாவுக்கு கேஸ்கெட் கிடைக்காது. ஹார்லியையும் 1969-இல் ஏ.எம்.எஃப். வாங்கியது, 1981-இல் கைமாறியது. ஆனால் எஞ்சின் தயாரிப்பு நின்றுபோகவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் சீஃப் நின்ற மறு வருடமே, 1954-இல், பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் அமெரிக்காவில் ஒரு சங்கம் கண்டார்கள். அந்த ஜாதி ஆட்களும், பழைய உதிரி பாகங்களைத் திரும்ப வார்த்துக் கடைந்து தரும் சின்னப் பட்டறைகளும்தான் இன்றைக்கும் சீஃபை ரோட்டில் ஓடவிடுகிறார்கள். நீங்கள் 1948 சீஃபுக்கு வால்வு வேண்டும் என்று இன்றைய இந்தியன் ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். 1901 என்று அச்சடித்த டீ-ஷர்ட் எந்த சைஸ் வேண்டும் என்று கேட்பார்கள்.